சிக்கெடுக்கும் வேளை



புரட்டாசி மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி. பால்கனியில் பழைய கோரைப்பாயை விரித்து, எங்கள் நாய் மிளகை மல்லாக்கப் படுக்கவைத்து, அம்மா அவள் வயிற்றுப் பக்கம் சீப்பு போட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே இந்த இதழுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இங்க வந்து தொட்டுப் பாரு" என்று குரல் வந்தது. குரலில் அவசரம் இல்லை. ஆனால் சீப்பின் சரசரப்பு நின்றிருந்தது.

போய்க் குனிந்தேன். பின்னங்காலை ஒட்டிய கடைசிக் காம்புக்குப் பக்கத்தில், தோலுக்கு அடியில், ஒரு பட்டாணி அளவுக்குக் கட்டி. அதன்மேல் மூன்று அங்குலத்துக்கு முடி. கண்ணை மட்டும் நம்பியிருந்தால் இன்னும் ஆறு மாதத்துக்கு எங்களுக்குத் தெரிந்திருக்காது. அம்மாவின் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

மிளகைப் பற்றிச் சித்திரை இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஒன்று இத்தனை மாதமாக என் மேசையிலேயே இருக்கிறது. கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "நாய்க்குத் தினமும் தலை வாரிவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். சோறு போடலாம், ஊசி போடலாம், சரி. சீவிச் சிங்காரிப்பதெல்லாம் கொஞ்சம் அதிகம் இல்லையா அம்மா?" கோபத்தில் கேட்ட கேள்வி இல்லை, அக்கறையோடுதான் கேட்டிருந்தார். பதில் எழுத நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என் பதிலை அம்மாவின் விரல் எழுதிவிட்டது. இந்த மாதப் பக்கம் முழுவதும் அதற்குத்தான்.

மிளகு ஒரு ஷிட்ஸூ. வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டுகள், ஆறு கிலோ எடை, எட்டு வயது. நாங்கள் வாங்கிய நாய் இல்லை. எதிர்வீட்டுக் குடும்பம் கனடாவுக்குக் குடிபெயர்ந்தபோது இரண்டு வயதில் எங்களிடம் வந்தாள். 'வீட்டுக்குள் நாயா?' என்று அம்மா மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள், சோபாவுக்கு அடியில் படுத்திருந்தவளின் காதுக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயோ, இது முடியா கயிறா! வாயில்லா ஜீவன், எப்படி வலிக்கும்" என்று எழுந்துபோய்ப் பெரிய பல் சீப்பை எடுத்துவந்தார். மூன்று பெண்களுக்கு இடுப்பளவு முடியை வளர்த்துப் பின்னிவிட்ட கை அது. அன்றிலிருந்து மிளகின் சடைக்கு அம்மாதான் பொறுப்பு.

நம் ஊரில் இதற்கு எவ்வளவு பொருத்தமான பெயர் வைத்திருக்கிறார்கள், பாருங்கள்: சடை நாய். பூ வைத்துப் பின்னுவதும் சடைதான், பராமரிப்பில்லாமல் திரிதிரியாகத் திரண்டு போவதும் சடைதான். ஒரே சொல் இரண்டு பக்கத்தையும் காட்டுகிறது. எந்தப் பக்கம் போகும் என்பதைச் சீப்பு தீர்மானிக்கிறது.

ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கன்னியையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அவற்றின் முடி ஒட்டவெட்டியது போல உடம்போடு படிந்திருக்கும். மழையில் நனைந்தால் ஒரு உதறு, கொஞ்சம் வெயில், காய்ந்துவிடும். முடி ஓர் அளவுவரை வளரும், பிறகு உதிரும். ஷிட்ஸூவுக்கு அப்படியில்லை. நம் தலைமுடி மாதிரி அது வளர்ந்துகொண்டே போகும். மேலே நீளமான முடி, அடியில் மெத்தென்று இன்னொரு அடுக்கு. அந்த அடிமுடி உதிரும்போது தரையில் விழாது; மேல்முடியிலேயே மாட்டிக்கொள்ளும். மாட்டிய முடியைச் சுற்றி அடுத்த முடி, அதைச் சுற்றித் தூசு, ஈரம், எச்சில். பத்தே நாளில் விரல் நுழையாத முடிச்சு.

இந்த முடியை அந்த நாய் தானாகத் தேடிக்கொள்ளவில்லை. திபெத்திலிருந்து சீன அரண்மனைக்குப் போன சிறு நாய்களின் வம்சம் இது. சிங்கம் என்று பொருள்படும் சீனச் சொல்தான் இதன் பெயர். அங்கே இவற்றை வளர்க்கவென்றே ஆட்கள் இருந்தார்கள். சிங்கத்தின் பிடரி போல முடி நீள வேண்டும், முகம் பூப்போல விரிய வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி இணை சேர்த்தார்கள். 1930-இல் இங்கிலாந்துக்குப் போனது, 1969-இல் அமெரிக்க கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றது, பிறகு உலகமெங்கும் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. தன் நாக்காலும் நகத்தாலும் பார்த்துக்கொள்ள முடியாத ஒரு சடையை மனிதர்கள் அதன் முதுகில் ஏற்றிவிட்டார்கள். அரண்மனையில் அதற்குச் சீப்பு பிடிக்க ஆள் இருந்தது. நாங்கள் இருக்கும் நங்கநல்லூரில் அந்த ஆள் நாம்தான். சீவிவிடுவது சிங்காரம் இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான். நாம் ஏற்றிய சுமையை நாமே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவைக்கிறோம், அவ்வளவே.

அம்மா சிக்கெடுப்பதை ஒருமுறை அருகில் உட்கார்ந்து பார்த்தால் போதும், எந்தப் புத்தகமும் தேவைப்படாது. முதலில் கை. சீப்பைத் தொடுவதற்கு முன் உடம்பு முழுவதும் விரலால் தடவிப் பார்ப்பார். காதுக்குப் பின்னால், கழுத்துப்பட்டை உரசும் இடம், முன்னங்கால் அக்குள், தொடை இடுக்கு, வாலின் அடி. முடிச்சு முதலில் பிடிப்பது இந்த இடங்களில்தான், ஏனென்றால் நடக்கும்போதும் படுக்கும்போதும் முடியோடு முடி உரசுவது அங்கேதான். பிறகு முடியைப் பாத்தி பிரிப்பதுபோல் வகிடெடுத்து, ஒரு வரிசை, அடுத்த வரிசை என்று கீழிருந்து மேலே போவார். சீப்பு எப்போதும் நுனியில் தொடங்கும். நுனி அவிழ்ந்த பிறகு நடு, நடு அவிழ்ந்த பிறகு வேர். இன்னொரு கை முடியின் அடியை இறுக்கிப் பிடித்திருக்கும். இழுக்கிற வலி தோலுக்குப் போகாது. பள்ளிக்கூடத்துக்கு நேரமானாலும் என் தலையில் அம்மா இப்படித்தான் செய்தார். மேலோட்டமாக முதுகைப் பளபளவென்று வாரிவிட்டு, அடியில் கம்பளி மாதிரி இறுகியிருப்பதை விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். அகலப் பல் இரும்புச் சீப்பு வேரிலிருந்து நுனிவரை தடையில்லாமல் ஓடினால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

இறுகிய முடிச்சுக்கு அம்மாவின் வைத்தியம் கொஞ்சம் சோளமாவு. அதைத் தூவி, விரலால் நெருடி, பஞ்சு பிரிப்பதுபோல் இரண்டாக, நான்காகப் பிரிப்பார். அவிழாததை அவிழ்க்கப் பிடிவாதம் பிடிக்க மாட்டார். அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் தொடருவார். "அதுக்குப் பொறுமை போச்சுன்னா நாளைக்குச் சீப்பைப் பார்த்தாலே ஓடும்" என்பார்.

ஒரு பிழையை இங்கே எழுதியாக வேண்டும். மிளகு வந்த இரண்டாம் மாதம், அம்மா ஊருக்குப் போயிருந்தார். அக்குளில் ஒரு முடிச்சு. எனக்கு அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. கத்தரிக்கோலை எடுத்தேன். நாயின் தோல் மெல்லியது. முடிச்சை இழுத்தால் தோலும் கூடாரம் மாதிரி அதோடு எழும்பி வரும். நான் முடி என்று நினைத்து வெட்டியது தோல். ஒரே ஒரு கீச்சு சத்தம். பிறகு என்னையே பார்த்தாள். இரண்டு தையல் போட வேண்டியிருந்தது. அந்தப் பார்வை எனக்கு மறக்கவில்லை. மறக்கக் கூடாது என்றும் நினைக்கிறேன். தயவுசெய்து முடிச்சுக்கும் தோலுக்கும் நடுவே கத்தரிக்கோலை நுழைக்காதீர்கள். விரலுக்கு அவிழாவிட்டால் மெஷின் வைத்திருக்கும் பழகிய கையிடம் கொண்டுபோங்கள்.

இறுகிய சடையைச் சிலர் வெறும் அழகுக் குறைவு என்று நினைக்கிறார்கள். அதன் அடியில் காற்று போகாது. ஈரம் தங்கும். தோல் சிவந்து, புண்ணாகி, சீழ் வைக்கும். ஒவ்வொரு அடி எடுத்துவைக்கும்போதும் அந்த முடிச்சு தோலைப் பிடித்து இழுக்கும். யாரோ நம் தலைமுடியை நாள் முழுவதும் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தால் எப்படியிருக்கும்? அதுதான். 'எப்பவும் படுத்தே கிடக்கு, சோம்பேறி' என்று சொல்லப்பட்ட ஒரு சடை நாய், மழித்துவிட்ட மறுநாள் குட்டி மாதிரி ஓடியதை எங்கள் குடியிருப்பிலேயே பார்த்தேன்.

ஐப்பசி பிறந்துவிட்டது. துணியே காயாத மாதம். சடை எப்படிக் காயும்? குளிப்பாட்டுவதைவிடக் காயவைப்பதுதான் பெரிய வேலை என்பதை இந்த மாதம்தான் சொல்லித் தரும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு குளியல் மிளகுக்குப் போதும். குளியலுக்கு முன்பே சிக்கை எடுத்துவிட வேண்டும். முடிச்சில் தண்ணீர் பட்டால் நனைந்த கயிறு போல இன்னும் இறுகிவிடும். வெதுவெதுப்பான நீர், முகத்தில் ஊற்றாமல் துணியால் துடைப்பது, காதில் பஞ்சு. ஷாம்பு நாய்க்கென்று விற்பதுதான். நம் தோல் புளிப்புத்தன்மை கொண்டது. நாயின் தோல் அதைவிட நடுநிலைக்குப் பக்கத்தில் இருக்கும். நம் சோப்பும் ஷாம்புவும் அதன் தோலை வறட்டிச் செதில் செதிலாக்கிவிடும். நுரை போகும்வரை அலசி, பிறகு இன்னொரு முறையும் அலசுங்கள். அடிமுடியில் தங்கிய நுரைதான் பாதி அரிப்புக்குக் காரணம்.

துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்த பிறகு டிரையர். குறைந்த சூட்டில், நடுவில் நம் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே, சீப்பால் பிரித்துப் பிரித்து அடிவரை உலர்த்த வேண்டும். மேலே காய்ந்து அடியில் ஈரமாக இருந்தால் இரண்டே நாளில் ஒரு புளித்த வாடை வரும். நாயின் தோலில் எப்போதும் கொஞ்சம் இருக்கிற ஈஸ்ட் பூஞ்சை, ஈரத்தில் பல மடங்கு பெருகுவதால் வரும் வாடை அது. பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பதும், காதைச் சொறிவதும் அதன் தொடர்ச்சி. அந்த வாடைக்கு மேல் பவுடர் போட்டு மறைக்காதீர்கள். அது ஒரு நோயின் முதல் தகவல்.

தீபாவளி வருகிறது. எண்ணெய்க் குளியல் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். நமக்குக் கங்கா ஸ்நானம், மிளகுக்கு வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடித்து முடிச்சைக் கூட்டும். நாய் நக்கி நக்கி அது வயிற்றுக்குள்ளும் போகும். கற்பூரம் கலந்த தைலமோ டீ ட்ரீ எண்ணெயோ ஒரு துளிகூட வேண்டாம், இரண்டும் நாய்க்கு நஞ்சு. இன்னொன்று: வெடிச் சத்தத்தில் நடுங்கும் பிள்ளையைப் பண்டிகையன்றே குளியலறைக்குள் இழுக்காமல், ஒரு வாரம் முன்பே குளியலை முடித்துவிடுங்கள்.

குளியலோடு சேர்ந்தது காது. நாயின் காதுக்குழாய் 'ட' எழுத்து மாதிரி, முதலில் கீழே இறங்கிப் பிறகு உள்ளே திரும்பும். மேலே தொங்கும் காது மூடி, அதன்மேல் சடை. உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. பட்ஸ் விட்டுக் குடைந்தால் அழுக்கு அந்தத் திருப்பத்துக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளப்படும். டாக்டர் தரும் சொட்டுத் திரவத்தை விட்டு, காதின் அடியைப் பிசைந்து, அது தலையை உதறிய பிறகு வெளியே வந்ததை மட்டும் பஞ்சால் துடைத்தால் போதும். வாரம் ஒருமுறை மோந்து பாருங்கள். மூக்குக்குத்தான் முதலில் தெரியும்.

கண்ணைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன். முகம் தட்டையான நாய்களுக்குக் கண் குழியில் ஆழமில்லை. கண் முன்னால் துருத்தி நிற்கும். அந்தக் கண்ணுக்கு நேராக மூக்கின்மேல் முடி மேல்நோக்கி வளரும். ஒரே ஒரு முடிக்கற்றை நாள் முழுவதும் கருவிழியில் உரசினால் போதும், புண்தான். நெற்றி முடியைக் குட்டை குட்டையாக வெட்டினால் அது நேராகக் கண்ணைத்தான் குத்தும். ஒன்று, முழுக்கக் குறைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மெல்லிய ரப்பர் போட்டு மேலே தூக்கிக் கட்ட வேண்டும். மிளகுக்கு உச்சியில் ஒரு சிறு குடுமி. பார்ப்பவர்கள் அழகுக்கென்று நினைக்கிறார்கள். அது அவள் கண்ணுக்கு நாங்கள் போட்ட வேலி.

காலையில் காபிக்கு முன்பு அம்மா செய்யும் முதல் வேலை, கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து மிளகின் பீளையைத் துடைப்பது. ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. காய்ந்து ஒட்டியதை நனைத்து ஊறவைத்து, பேன் சீப்பின் நுனியால் மெல்ல எடுப்பார். அந்தச் செம்பழுப்புக் கறை கண்ணீரில் இருக்கும் ஒரு நிறமியால் வருவது. அதனால் கெடுதல் இல்லை, ஆனால் அந்த ஈரம் தோலைப் புண்ணாக்கும்.

நான்கு வயதில் ஒருநாள் மிளகு இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தாள். வெளிச்சத்துக்குப் போகவில்லை. வீட்டில் யாருக்கோ எப்போதோ வாங்கிய சொட்டு மருந்து பாட்டில் ஒன்று இருந்தது. அதை விட்டிருந்தால் கண் போயிருக்கும். ஸ்டீராய்டு கலந்த சொட்டு, கருவிழியில் புண் இருந்தால் அதை இன்னும் ஆழமாக்கிவிடும். டாக்டர் ஆரஞ்சு நிறச் சாயம் ஒரு துளி விட்டு, நீல விளக்கைப் பிடித்தார். கருவிழியின் நடுவில் ஒரு நெல்மணி அளவுக்குப் பச்சையாக மின்னியது. அதுதான் புண். காலையில் பார்த்து மதியமே போனதால் இரண்டு வாரச் சொட்டு மருந்தில் ஆறியது. கண் சுருங்கினாலோ, சிவந்தாலோ, பால் விட்டதுபோல் மங்கினாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே போங்கள்.

சடைக்குள் ஒளிந்திருக்கும் எதிரிகளில் நான் அதிகம் அஞ்சுவது உண்ணிக்குத்தான். காது மடலின் உட்புறம், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடி. முதலில் எள்ளளவு, ரத்தம் குடித்தபின் ஆமணக்கு விதை அளவு. நம் ஊர்ப் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே வாழக்கூடியது. வயிறு நிறைந்ததும் கீழே விழுந்து, சுவரேறி, விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் சுத்தம் செய்து, சுவரையும் கதவிடுக்கையும் படுக்கையையும் விட்டுவிட்டால் அடுத்த மாதம் மறுபடியும் அதே கதை. உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்வது அது பரப்பும் கிருமிகளால் வருவது. நாய் சாப்பிடாது, சுருண்டு படுக்கும், ஈறு வெளுக்கும், சிலவற்றுக்கு மூக்கில் ரத்தம் வரும். ரத்தத் தட்டணுக்கள் குறைந்துவிடுவதால் வரும் ரத்தம் அது. எங்கள் குடியிருப்பில் ஒரு லாப்ரடார் இதில்தான் போனது. வீட்டிலிருந்த குழந்தை இன்னும் லிஃப்டில் மிளகைப் பார்த்தால் கண் கலங்குகிறது.

உண்ணியைக் கண்டால் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், கையால் நசுக்காதீர்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக, நிதானமாக இழுத்து, ஸ்பிரிட்டுக்குள் போடுங்கள். மாதாந்திர மாத்திரையோ கழுத்தில் விடும் மருந்தோ, எடைக்குத் தகுந்தபடி டாக்டர் சொல்வதுதான். கழுத்தில் விடும் மருந்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் வேண்டாம். வீட்டில் பூனையும் இருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்ல மறக்காதீர்கள். நாய்க்கான உண்ணி மருந்துகள் சில பூனையைக் கொன்றுவிடும்.

மற்றவை சிறு வேலைகள், ஆனால் விட்டுவிட முடியாதவை. டைல்ஸ் தரையில் நடக்கும்போது டிக் டிக் என்று கேட்டால் நகம் வளர்ந்துவிட்டது. நகத்துக்குள் ரத்தம் ஓடும் சதை இருக்கிறது. கறுப்பு நகத்தில் அது தெரியாது, ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக நுனியை மட்டும். தப்பிப்போய் ரத்தம் வந்தால் படிகாரப் பொடியை வைத்து அழுத்துங்கள். முன்னங்காலின் உட்புறம் தரையைத் தொடாத ஒரு கட்டைவிரல் நகம் உண்டு, சடைக்குள் மறைந்து வளையமாகச் சுருண்டு சதைக்குள்ளேயே இறங்கிவிடும், அதைத் தேடிப் பாருங்கள். பாதத்தின் அடியில் வளரும் முடியைக் குறைக்காவிட்டால் வழவழப்பான தரையில் கால் வழுக்கி மூட்டு தேயும். பல் நாற்பத்திரண்டு, அந்தச் சின்னத் தாடையில் நெருக்கியடித்து நிற்கும், இடுக்கில் ஊத்தை சேர்ந்து காரையாக இறுகும். நம் பேஸ்ட் வேண்டாம்; சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு நாயின் உயிருக்கே ஆபத்து. நாய்க்கான பேஸ்டை விரலில் தடவித் தொடங்கினால் பழகிவிடும். பின்பக்கம் முடியைக் குட்டையாக வைத்து ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே நகர்ந்தால் அங்கே இரு பக்கமும் உள்ள சிறு சுரப்பிகள் நிறைந்திருக்கலாம். அதை நீங்கள் பிதுக்க வேண்டாம், டாக்டரிடம் விடுங்கள்.

முடியை நீளமாக வைக்கலாமா, வெட்டலாமா என்று கேட்கிறார்கள். தரையில் புரளும் சடை போட்டிக்குப் போகும் நாய்க்கு. சென்னைப் புழுக்கத்தில் ஓர் அங்குலம் விட்டு வெட்டிவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் கத்திரி வெயிலென்று தோல் தெரிய மழிக்கச் சொல்லாதீர்கள். வெயில் நேராகத் தோலைச் சுடும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். தட்டை மூக்குக்கு அதுவும் கஷ்டம். முடி எப்படியிருந்தாலும் மே மாத மதியத்தில் அதை வெளியே கூட்டிப்போகக் கூடாது. தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஏழு எண்ணும்வரை தாங்க முடியவில்லையென்றால் அதன் பாதமும் தாங்காது.

குரூமிங் கடைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறோம். முதலில் போன ஒரு கடையில் எங்களை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். மிளகு திரும்பி வந்தபோது வயிற்றில் மெஷின் பிளேடு சூட்டில் சிவந்த கோடு. கேட்டதற்குப் பதில் இல்லை. இப்போது போகும் இடத்தில் கண்ணாடித் தடுப்பு. ஆரம்பம் முதல் முடிவுவரை பார்க்கலாம். வாசகர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்: உங்களைப் பார்க்க விடாத கடைக்குப் போகாதீர்கள். கூண்டுக்குள் அடைத்துச் சூடான காற்றை விட்டுக் காயவைக்கும் இடத்துக்கும் வேண்டாம். தட்டை மூக்கு நாய்கள் அந்தச் சூட்டில் மூச்சுத் திணறி இறந்திருக்கின்றன.

இவ்வளவுக்கும் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? அம்மா எடுத்துக்கொள்வது இருபது நிமிடம். ஒரு குட்டியின் படத்தைக் கைப்பேசியில் பார்த்து, பிள்ளை ஆசைப்படுகிறாளே என்று வாங்க நினைப்பவர்கள், அந்த இருபது நிமிடத்தைப் பன்னிரண்டு, பதினைந்து வருடங்களுக்குத் தர வீட்டில் யார் இருக்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் சொல்ல ஒருவர்கூட இல்லையென்றால், தெருவில் பிறந்த ஒரு நாட்டு நாய்க்குட்டி உங்கள் பிள்ளைக்கு அதே அன்பைத் தரும், சீப்பும் அவ்வளவாகக் கேட்காது.

இது வசதியுள்ளவர்களின் விஷயம் என்றும் சிலர் நினைக்கலாம். வேப்பேரியில் இருக்கும், 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். மிளகின் பட்டாணிக் கட்டியைக் காட்ட நான் அங்கே போன அன்று, எனக்கு முன்னால் ஓர் ஆட்டோ ஓட்டுநர், மடியில் ஒரு ஷிட்ஸூ. சவாரிக்குப் போன இடத்தில், வேண்டாம் என்று யாரோ கொடுத்ததாம். அதன் முடி அவர் கையாலேயே வெட்டியது. மேடுபள்ளமாக இருந்தது, ஆனால் ஒரு முடிச்சு இல்லை. "டெய்லி நைட்டு வண்டியை வுட்டுட்டு வந்து வாரிடுவேன்மா. அப்பதான் தூங்கும்" என்றார். சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்தது ஒரு சின்னப் பேன் சீப்பு.

மிளகின் கட்டியைப் பற்றி டாக்டர் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். பெண் நாய்களுக்கு மடியில் கட்டி வருவது அதிகம், அதிலும் பின்னால் இருக்கும் காம்புகளை ஒட்டித்தான் அதிகம். முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை அறுவை செய்துவிட்டால் பெரும்பாலும் வராது. மிளகுக்கு நாங்கள் செய்தது மூன்று வயதுக்குப் பிறகு, தாமதம். கட்டிகளில் பாதி சாதுவானவை, மீதி பரவக்கூடியவை. கையால் தொட்டு எது என்று சொல்ல முடியாது. சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் எதுவாக இருந்தாலும் வாய்ப்பு அதிகம். நெஞ்சுக்கு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, மறுவாரம் அறுவை. "இவ்வளவு சின்னதிலேயே எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எலுமிச்சை அளவு ஆன பிறகுதான் பொதுவா கொண்டுவருவாங்க" என்று டாக்டர் கேட்டபோது, அம்மா என் பின்னால் நின்றுகொண்டு, "சீப்பு தட்டுச்சு" என்றார், ஏதோ கதவைத் தட்டியதுபோல.

பரிசோதனை முடிவு வந்தது. சாதுவான கட்டிதான். தையல் பிரித்து நான்கு நாளாகிறது. இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது வெளியே தூறல். பால்கனி ஈரமாக இருப்பதால் கோரைப்பாய் கூடத்துக்கு வந்திருக்கிறது. அறுவைக்காக மழித்த இடத்தில் அறுத்த நெல்லின் தாள் மாதிரி குட்டை முடி எழும்பியிருக்கிறது. அம்மா அந்த இடத்தைச் சுற்றி மட்டும் சீவிவிட்டு, மழித்த இடத்தை உள்ளங்கையால் தடவிக்கொடுக்கிறார். "இன்னும் ஒரு மாசம். அப்புறம் இங்கேயும் சிக்கெடுக்கணும்" என்று அவளிடமே சொல்கிறார். மிளகு கண்ணை மூடி, நான்கு காலையும் மேலே விட்டபடி கிடக்கிறாள்.

அன்புடன்,
ஆசிரியர்